மீனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் துணை உணவுகள்

(கல்முனைப் பகுதிக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

நெல்லைப் பற்றியும், கத்தரி, மிளகாய், வெண்டி முதலிய பயிர்களைப் பற்றியும் பேசுவதற்கே வழக்கமாக நான் உங்கள் முன் வருவதுண்டு. இன்று மீனைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். கடலை வாசலில் வைத்துக்கொண்டு குளத்து மீனைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மாரிகாலத்திற் கடல் கொந்தளிக்கும்போது தோணிகள் கரையிற் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் மீன் விலை ஏறுவதையும் அறிவீர்கள். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோதும், அதற்கு அடுத்த ஆண்டில் நாடெங்கும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபோதும், நெல்லை மட்டும் நம்பி வாழ்தல் எத்துணைக் கடினம் என்பதை நாம் அனைவரும் கண்டோம். ஆதலால், வயலோரத்திற் குழி வெட்டித் திலாப்பியாவும் கெண்டையும் வளர்க்க முற்படுவோரின் முயற்சி பாராட்டற்குரியதேயாகும்.

நன்னீர் மீன் வளர்ப்பு எமது மாவட்டத்திற்குப் புதியதன்று. 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. மொசாம்பிக் திலாப்பியா என்னும் மீன் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பின்னர் நாட்டின் குளங்களிற் பரவி, ஏழை மக்களின் உணவாயிற்று. 1999ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்து வழங்கி வருகின்றது. அதன் நிலையங்களுள் ஒன்று இங்கினியாகலையிலேயே உள்ளது.

குஞ்சு கிடைக்கின்றது, தண்ணீர் கிடைக்கின்றது, தவிடும் கிடைக்கின்றது. ஆயினும் நோய் வந்து மீன் மடிகின்றதே, இதற்கு மருந்து யாது என்று பலர் என்னிடம் கேட்கின்றனர். வேறு சிலர், கடையில் விற்கும் பல நிறத் தூள் டப்பாக்களைக் காட்டி, "இதைத் தீனியிற் கலந்தால் மீனுக்கு நோயே வராதாமே, உண்மைதானா?" என வினவுகின்றனர். இவ்வினாவிற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நோய் எங்ஙனம் வருகின்றது?

மீன் வாழும் தண்ணீரில் நோய்க் கிருமிகள் எக்காலமும் இருந்துகொண்டே இருக்கும். ஏரோமோனாசு என்னும் பக்றீரியா ஏறத்தாழ எல்லா நன்னீர்க் குளங்களிலும் காணப்படுவதாகும். கிருமி இருப்பதால் மாத்திரம் நோய் வந்துவிடுவதில்லை. மீனின் தோலின் மேல் வழுவழுப்பான ஒரு படை உண்டு. அதுவே முதல் வேலி. அவ்வேலியைக் கடந்து உட்புகும் கிருமிகளைப் பிடித்து விழுங்கும் அணுக்கள் மீனின் இரத்தத்தில் உள்ளன. அவை இரண்டாம் காவல். ஒரு தடவை தாக்கிய கிருமியை நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருளை உண்டாக்கும் ஆற்றலும் மீனுக்கு உண்டு. இது மூன்றாம் காவல். ஆனால், எமது உடலைப்போல் மீனின் உடல் ஒரே சூட்டில் இருப்பதன்று. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடலும் குளிரும். இக்காவல்கள் யாவும் மந்தமாகும்.

ஆகவேதான் எமது பகுதியில் மாரி தொடங்கி, வெள்ளம் புகுந்து, வானம் மப்பும் மந்தாரமுமாய் இருக்கும் நாட்களில் மீனுக்கு நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. 1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிற் பரவிய புண் நோயை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விரால் முதலிய மீன்கள் உடலெங்கும் சிவந்த புண்களுடன் மிதந்தன. மக்கள் குளத்து மீனை வாங்கவே அஞ்சினர். அந்நோய்க்குக் காரணம் ஒருவகை நீர்ப் பங்கசு என்பது பின்னர் உறுதியாயிற்று. பெருமழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்து, புளிப்புத் தன்மை அடைந்து, மீனின் தோல் பழுதுறும்போதே அப்பங்கசு உடலில் வேர் விடுகின்றது. கிருமியும் பலவீனமும் ஒன்றுகூடும்போதே நோய் பிறக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நெல்லிற் கண்ட உண்மை

இதனை விளங்கிக்கொள்வது உங்களுக்குக் கடினமன்று. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலில் நெல் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். பார்ப்போர் கண்ணுக்கு அழகாயிருக்கும். ஆனால் எரிபந்தம் வந்தால் முதலில் விழுவது அவ்வயலே. அளவோடு யூரியா இட்டு, பொட்டாசையும் மறவாது சேர்த்த வயல் அந்நோயைப் பெரிதும் தாங்கி நிற்கும். பொட்டாசு எரிபந்தத்தைக் கொல்லும் மருந்தன்று. பயிரை வலுப்படுத்தும் உணவாகும். மீனுக்குக் கொடுக்கும் துணை உணவுகளும் அத்தகையனவே. அவை மருந்தல்ல, வலுவூட்டும் பொருள்கள். இவ்வேறுபாட்டை மறந்தவர்கள் பணத்தை இழப்பர், மீனையும் இழப்பர்.

முதலில் அடிப்படை உணவைச் சீர்செய்க

சுவர் இல்லாமற் சித்திரம் எழுத இயலாது. தீனி கெட்டதாயிருந்தால், அதிற் கலக்கும் துணை உணவினால் யாதொரு பயனும் இல்லை. எமது பகுதியில் மீனுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவன அரிசித் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்குமாம். இவ்விரண்டிலும் கவனிக்க வேண்டிய தீங்குகள் உள்ளன.

தவிட்டில் எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெயைச் சிதைக்கும் ஒரு நொதியமும் அதிலேயே உண்டு. நெல்லைக் குற்றித் தவிடு பிரிந்த வேளையிலிருந்தே எண்ணெய் கெடத் தொடங்குகின்றது. சில வாரம் மூடையிற் கிடந்த தவிட்டை முகர்ந்து பார்த்தால் காறல் மணம் வீசும். இவ்வாறு காறிய எண்ணெய் விற்றமின் ஈ என்னும் சத்தை அழித்துவிடும். அச்சத்துக் குறைந்த மீனின் ஈரலும் தசையும் பழுதுறும். எதிர்ப்புச் சக்தியும் குன்றும். நெல் ஆலைகள் நிறைந்த எமது மாவட்டத்திற் பழந்தவிட்டை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரு கிழமைக்கு வேண்டியதை மாத்திரம் புதிதாக வாங்கி, நிழலில் உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பிண்ணாக்கிற் பிடிக்கும் பூஞ்சணம். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றின் தீனியில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்து நஞ்சு உண்டாகியிருந்தமை தெரியவந்தது. அந்நஞ்சே அஃபிளாதொட்சின் எனப் பின்னர் பெயர் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் மீன் பண்ணைகளில் திரவுட்டு மீன்களின் ஈரலிற் புற்றுநோய் பெருகியதற்கும் பூஞ்சணம் பிடித்த தீனியே காரணம் எனக் கண்டனர். மாரிகாலத்து ஈரத்தில் எமது பிண்ணாக்கிலும் இந்நஞ்சு உண்டாகலாம். இது மீனை உடனே கொல்லாவிடினும் அதன் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த பிண்ணாக்கை வெயிலிற் காயவைத்துக் கொடுக்கலாம் என எண்ணுதல் தவறு. பூஞ்சணம் காய்ந்தாலும் நஞ்சு காய்வதில்லை. அதனை மீனுக்கும் கொடுக்கலாகாது. ஆட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கலாகாது.

மூன்றாவது, புரதம். தவிடும் பிண்ணாக்கும் மட்டும் உண்ணும் மீனுக்குப் புரதம் போதாது. எதிர்ப்பொருள்கள் யாவும் புரதத்தினால் ஆனவை. கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காட்டுக் கரைகளில் விற்பனைக்கு உதவாத சிறு மீன்களைக் காயவைத்து இடித்தெடுத்த தூளைச் சேர்த்துக்கொள்ளலாம். தவிடு 2 பங்கு, பிண்ணாக்கு 1 பங்கு, மீன்தூள் 1 பங்கு எனக் கலந்தால், ஏறத்தாழ 24 வீதம் புரதம் உள்ள தீனி கிடைக்கும். பச்சைப் பாசி நிறைந்த குளத்தில் வளரும் திலாப்பியாவிற்கு இஃது ஓரளவு போதுமானது. மீன்தூளில் உப்பும் மணலும் மிகாதபடி பார்த்துக்கொள்க.

விற்றமின் சீ

இனித் துணை உணவுகளைப் பற்றிப் பார்ப்போம். அவற்றுள் முதலிடம் பெறுவது விற்றமின் சீ ஆகும். ஆடும் மாடும் தமக்கு வேண்டிய இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனால் அவ்வாறு ஆக்க இயலாது. நாம் வளர்க்கும் மீன்களாலும் இயலாது. உணவின் வழியாகவே அது கிடைத்தல் வேண்டும். இச்சத்துக் குறைந்த மீனின் முதுகெலும்பு வளையும், செட்டைகளின் அடியில் இரத்தம் கசியும், புண் ஆறாது. உங்கள் குளத்திற் கூன் விழுந்த மீன்கள் பல காணப்படின், இச்சத்துக் குறைவும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என ஐயுறுக.

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களான லீ, லவல் ஆகிய இருவரும் கெளுத்தி இன மீன்களுக்கு வெவ்வேறு அளவில் விற்றமின் சீ கொடுத்து, பின்னர் நோய்க் கிருமியைச் செலுத்திச் சோதித்தனர். அச்சத்தை மிகுதியாகப் பெற்ற மீன்களில் மரணம் குறைவாயிருந்தது. பின்னர் நடந்த சோதனைகள் அத்துணைப் பெரிய அளவு அவசியமில்லை எனக் காட்டின. இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், குறைவு கூடாது. ஆனால் அள்ளிக் கொட்டுவதாலும் ஆதாயம் இல்லை என்பதே.

ஒரு கிலோ தீனிக்கு 500 மில்லிகிராம் சேர்த்தல் எமது தேவைக்குப் போதுமானது. சாதாரண விற்றமின் சீ காற்றிலும் வெளிச்சத்திலும் சூட்டிலும் விரைவில் அழியும். தண்ணீரிற் கரைந்தும் போய்விடும். ஆதலால் அன்றன்று கலந்து அன்றன்றே கொடுத்தல் வேண்டும். மீன் தீனிக்கென்றே நிலைப்படுத்தப்பட்ட பொஸ்பேற்று வகை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. இன்னுமொன்று: பச்சை நிறத் தண்ணீருள்ள குளத்தில், மீன் குறைவாக விடப்பட்டிருப்பின், அவை பாசியை உண்டே இச்சத்தின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்ளும். சீமெந்துத் தொட்டியிலும் கூட்டிலும் நெருக்கமாக வளர்ப்போருக்கே இது மிகவும் வேண்டப்படுவதாகும். தேவையில்லாதவன் செலவு செய்யத் தேவையில்லை.

உள்ளி

எமது சமையலறையில் உள்ள உள்ளி மீனுக்கும் நன்மை செய்வதாகப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியுள்ளன. எகிப்து தேசத்திலே திலாப்பியாவிற்கு ஒரு கிலோ தீனியில் 10 முதல் 30 கிராம் வரை உள்ளி கலந்து கொடுத்துப் பார்த்தபோது, வளர்ச்சியும் எதிர்ப்புச் சக்தியும் மேம்பட்டன.

உள்ளியை முழுதாக வைத்திருக்கும்போது அதன் நெடியும் காரமும் தோன்றுவதில்லை. நசுக்கும்போதே அதிலுள்ள ஒரு பொருளும் ஒரு நொதியமும் கலந்து அல்லிசின் என்னும் காரப் பொருள் உண்டாகின்றது. ஆகவே உள்ளியை நன்கு நசுக்கி, பத்து நிமிடம் வைத்திருந்து, பின்னரே தீனியிற் கலத்தல் வேண்டும். அதனை அவித்தலும் கொதிக்கும் கஞ்சியில் இடுதலும் கூடாது. சூட்டில் நொதியம் அழிந்துவிடும். ஒரு கிலோ தீனிக்கு 15 கிராம் போதும். நெடி மிகுந்தால் மீன் தீனியை விட்டு விலகும். விலகிய தீனி அடியில் அழுகும்.

ஈஸ்ட்

பாண் சுடும் வெதுப்பகங்களில் மாவைப் பொங்கச் செய்வதற்கு இடும் ஈஸ்டை நீங்கள் அறிவீர்கள். அதன் அணுவின் வெளிச்சுவரில் பீற்றா குளுக்கன் என்னும் ஒரு பொருள் உண்டு. மீனின் குடலில் அது படும்போது, ஏதோ கிருமி வந்துவிட்டது என உடல் விழிப்படைகின்றது. காவல் அணுக்கள் சுறுசுறுப்படைகின்றன. கள்வன் வருமுன் நாய் குரைத்து வீட்டாரை எழுப்புவது போன்றது இது.

2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் எகிப்திய ஆராய்ச்சியில், திலாப்பியாக் குஞ்சுகளுக்கு வெதுப்பக ஈஸ்டைக் கொடுத்தபோது, ஒரு கிலோ தீனிக்கு 1 கிராம் என்ற சிறிய அளவே ஏற்றது எனக் கண்டனர். ஏரோமோனாசுக் கிருமியைச் செலுத்தியபோதும் ஈஸ்ட் உண்ட குஞ்சுகள் நன்கு தாங்கின. மதுவடிசாலைக் கழிவாகக் கிடைக்கும் ஈஸ்டும் சில நாடுகளில் மீனுக்கு ஊட்டப்படுகின்றது. நாம் அதனைத் தேட வேண்டியதில்லை. வெதுப்பக ஈஸ்டே போதும்.

ஆனால் நாய் இரவு முழுதும் ஓயாது குரைத்தால், வீட்டார் எழும்பாமற் படுத்துவிடுவர். பீற்றா குளுக்கனை அளவுக்கு மிஞ்சி நெடுங்காலம் கொடுத்தாலும் மீனின் காவல் களைத்துவிடும் என ஆராய்ச்சிகள் எச்சரிக்கின்றன. இரண்டு முதல் நான்கு கிழமை கொடுத்து, அவ்வளவு காலம் நிறுத்தி, வேண்டுமாயின் மீண்டும் கொடுத்தலே முறையாகும்.

ஏனைய பொருள்கள்

முருங்கை இலைத்தூளைச் சேர்ப்போர் உளர். அதிற் புரதமும் சத்துக்களும் உண்டு. ஆனால் மீனின் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. தீனியிற் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். மஞ்சளையும் கருஞ்சீரகத்தையும் சோதித்து நற்பயன் கண்டோரும் உளர். எனினும் கருஞ்சீரகத்தின் விலையை நோக்குமிடத்து, அதனை மீனுக்கு ஊட்டுதல் வருவாய்க்கு ஒவ்வாது. நன்மை செய்யும் பக்றீரியாக்கள் அடங்கிய தூள்களும் விற்பனைக்கு வருகின்றன. அவை உயிருள்ள பொருள்கள். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த டப்பாவில் அவை உயிரோடிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முடிவு திகதியும், அடங்கியுள்ள பொருளின் பெயரும் அளவும் எழுதப்படாத டப்பாவை வாங்கற்க.

நான் செய்த தவறு

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காமற் கூற விரும்புகின்றேன். விவசாயப் பாடசாலையிற் பயின்று வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் தம் வயலின் மேட்டுப் பக்கத்திற் குளம் வெட்டி, மனைவியின் காப்பை ஈடு வைத்துக் குஞ்சு வாங்கி விட்டிருந்தார். மார்கழி மாதம், ஒரு கிழமையாக வெயில் இல்லை. மீன்களிற் சில சிவந்த புள்ளிகளுடன் ஒதுங்குவதாகச் சொல்லி என்னை அழைத்தார். நான் பட்டப்பகலிற் சென்று இரண்டு மீனைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளியும் விற்றமினும் கலந்து வழமைபோல் தீனி கொடுக்கும்படி கூறிவிட்டு வந்தேன். அவர் நான் கூறியபடியே அணுவளவும் பிசகாமற் செய்தார்.

நான்காம் நாள் சுபகுத் தொழுகை முடிந்த வேளையில் அவருடைய மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் போய்ப் பார்த்தபோது குளத்தின் மேற்பரப்பு வெள்ளையாகக் கிடந்தது. பெரிய மீன்களே முதலில் மடிந்திருந்தன. வரம்போரத்தில் அடிச்சேற்றைக் கிளறியபோது, உண்ணப்படாத தீனி கறுத்து அழுகி நாறியது. மப்பு நாட்களிற் பாசி போதிய ஒட்சிசனை உண்டாக்குவதில்லை. அழுகும் தீனியோ உள்ள ஒட்சிசனையும் குடித்துவிடும். விடியுமுன் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்து திணறியிருக்கும். அதனைப் பார்க்க நான் அந்நேரத்தில் அங்கு சென்றிருக்கவில்லை. மூச்சுக்குத் திணறியவனுக்கு நான் சோறு ஊட்டச் சொல்லியிருக்கின்றேன்.

அம்முதியவர் என்னை ஏசவில்லை. "தம்பி, மீனைப் பார்த்தீர்கள், தண்ணீரையும் ஒருக்காற் பார்த்திருக்கலாமே," என்று மாத்திரம் சொன்னார். அன்று தொட்டு, மீன் நோயென்று யார் அழைத்தாலும், நான் விடியுமுன் சென்று முதலில் தண்ணீரைப் பார்க்கின்றேன். நீங்களும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

தண்ணீரைப் பார்ப்பது எங்ஙனம்? கையைத் தண்ணீருள் விடுக. விரல் நுனி முழங்கை ஆழத்திற்குச் சற்று முன்பின்னாக மறைந்தால் பாசி அளவாக உள்ளது. மணிக்கட்டுக்குள்ளேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது; தீனியைக் குறைத்துப் புதுத் தண்ணீர் விடுக. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீனி போடற்க. மழைக்குப் பின் தண்ணீர் புளித்திருப்பின், விவசாயச் சுண்ணாம்பு இடுவது பற்றி உத்தியோகத்தரைக் கேட்டறிக. வயலிற் பூச்சிநாசினி அல்லது களைநாசினி தெளித்தபின் வடியும் தண்ணீரை ஒருபோதும் மீன் குளத்தில் விடலாகாது. சிறிதளவு நஞ்சு மீனைக் கொல்லாவிடினும் அதன் காவலைக் குலைத்துவிடும்.

எப்போது, எங்ஙனம் கொடுப்பது?

நோயுற்ற மீன் தீனி உண்ணாது. உண்ணாத மீனுக்குத் தீனியிற் கலந்த எதுவும் போய்ச் சேராது. ஆகவே துணை உணவு நோய் வந்தபின் கொடுப்பதன்று, வருமுன் கொடுப்பதாகும். பெரும்போக விதைப்பு வேலை தொடங்கும் காலத்தில், மாரி கடுமையாவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே தொடங்குக. குஞ்சுகளை இடம் மாற்றுவதற்கு முன்னும் கொடுக்கலாம்.

கணக்கு இவ்வாறாகும். குளத்தில் 500 மீன்கள், ஒவ்வொன்றும் சராசரி 100 கிராம் எனின், மொத்த நிறை 50 கிலோ. நாளொன்றுக்கு அதில் நூற்றுக்கு 3 வீதம், அதாவது 1½ கிலோ தீனி. அதற்கு உள்ளி 22½ கிராம். ஈஸ்ட் 1½ கிராம். விற்றமின் சீ ¾ கிராம். இவற்றைச் சிறிது ஆறிய அரிசிக் கஞ்சியிற் கரைத்து, தீனியுடன் பிசைந்து உருண்டையாக்குக. மேலே சிறிது தேங்காயெண்ணெய் பூசினால் தண்ணீரிற் கரைவது குறையும். குருத்தோலைத் தட்டிலோ பழைய சுளகிலோ வைத்து, கயிற்றிற் கட்டி, ஓரிடத்தில் இறக்குக. அரை மணி நேரத்தின் பின் தூக்கிப் பார்த்து, மீதி இருந்தால் மறுநாள் குறைத்திடுக. தீனியை இரண்டாகப் பிரித்து, காலையில் வெயில் ஏறியபின் ஒரு முறையும் மாலையில் அஸருக்கு முன் ஒரு முறையும் இடுதல் நன்று.

செய்யத் தகாதவை

மனிதருக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பொடித்து, "முன்னெச்சரிக்கை" எனத் தீனியிற் கலப்பது பெருந்தீங்காகும். கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிவிடும். நாளை உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து பலிக்காமற் போகலாம். வளர்ச்சிக்கென்று விலங்குத் தீனியில் இம்மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்தன. துணை உணவுகளில் உலகம் அக்கறை கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எல்லா நோயையும் துணை உணவு தடுக்கும் என நம்பவும் கூடாது. 2014ஆம் ஆண்டில் திலாப்பியாவைத் தாக்கும் ஒரு புதிய வைரசு இஸ்ரேலிற் கண்டறியப்பட்டது. பின்னர் அது வேறு பல நாடுகளிலும் காணப்பட்டது. அதற்கு உள்ளியும் விற்றமினும் மருந்தாகா. தெரிந்த இடத்திலிருந்து நல்ல குஞ்சு வாங்குதல், புதுக் குஞ்சைச் சில நாள் தனியே வைத்துப் பார்த்தல், ஒரு குளத்து வலையை உலர்த்தாமல் மறு குளத்தில் இறக்காதிருத்தல் ஆகிய இவையே அங்கு காப்பு. செத்த மீனை வாய்க்காலில் எறியற்க. அது உங்கள் நோயை அயலவருக்கு அனுப்புவதாகும். சுண்ணாம்பிட்டுப் புதைத்துவிடுக.

நீங்களே சோதித்துப் பார்க்க

என் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. புது நெல்லினத்தை முதலில் ஒரு வரவையில் மட்டும் விதைத்துப் பார்ப்பது உங்கள் வழக்கமன்றோ? அவ்வாறே இரண்டு குளம் உள்ளவர் ஒன்றிற்கு மாத்திரம் துணை உணவு கொடுக்கலாம். ஒரு குளம் உள்ளவர் வலைக் கூடு இரண்டை அதில் அமைத்து, ஒவ்வொன்றிலும் சம அளவான குஞ்சுகளை விட்டுப் பார்க்கலாம். தீனியின் நிறை, செத்த மீனின் தொகை, மாதந்தோறும் பத்து மீனின் நிறை, செலவான பணம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுக. மாரி கழிந்தபின் இரண்டையும் ஒப்பிட்டால், ஆதாயம் உண்டா இல்லையா என்பதை எந்த விற்பனையாளரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கொப்பியே சொல்லும்.

நினைவிற் கொள்க

1. முதலில் தண்ணீர்; அடுத்து நல்ல தீனி; அதன் பின்னரே துணை உணவு.
2. காறிய தவிட்டையும் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும் விலக்குக.
3. ஒரு கிலோ தீனிக்கு விற்றமின் சீ 500 மில்லிகிராம், நசுக்கிய உள்ளி 15 கிராம், வெதுப்பக ஈஸ்ட் 1 கிராம் போதும்.
4. மாரிக்கு மூன்று நான்கு கிழமை முன்னரே தொடங்குக. ஈஸ்டை இடைவிட்டுக் கொடுக்க.
5. விடியுமுன் குளத்தைப் பார்க்க. மீன் திணறினால் தீனியை நிறுத்துக.
6. நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனியிற் கலவாதிருக்க.
7. மீன் மடியத் தொடங்கினால் காலந் தாழ்த்தாது நீருயிரின வளர்ப்பு உத்தியோகத்தருக்கு அறிவிக்க.

பெரியோர்களே! காப்பை ஈடு வைத்துக் குளம் வெட்டிய அம்முதியவர், மறுபோகத்தில் அடிச்சேற்றை வாரி வயலுக்கு எருவாக இட்டு, சுண்ணாம்பு போட்டு, முன்னையிலும் பாதித் தொகையான குஞ்சுகளை விட்டார். விடியற்காலையிற் குளத்தைச் சுற்றி வந்த பின்னரே வயலுக்குப் போனார். உள்ளியும் கொடுத்தார், ஆனால் தண்ணீரைப் பார்த்துக் கொடுத்தார். அறுவடை நாளன்று ஒரு சுளகு நிறைய மீனை என் வீட்டிற்கு அனுப்பியிருந்தார். அந்த வருட முடிவிற் காப்பும் மீண்டது. உங்கள் முயற்சிகளும் அவ்வாறே பலன் தருக என வேண்டி, இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கின்றேன். ஐயமுள்ளோர் வினவலாம்; தெரிந்தவரை விடை கூறுவேன்.